சைடு வீல் ஆக்டிவாவுக்கு ஆர்பிஎம் மீட்டர்

மருதமலை அடிவாரத்தைத் தாண்டி மலைப்பாதையில் ஏற ஆரம்பித்தால் என் வண்டி திணறும். ஒரு வருடமாக இதே கதை. முன்பு முப்பதில் ஏறிய வளைவில் இருபதுதான். ஆக்சிலேட்டரைக் கடைசிவரை முறுக்கிப் பிடித்தாலும் சத்தம் மட்டும் கனமாகுமே தவிர, வேகம் கூடாது. பின்னால் வரும் பைக்காரர்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போவார்கள். முருகனைப் பார்க்கப் போகும்போது வண்டியையே நினைத்துக்கொண்டு போவது எனக்குப் பிடிக்கவில்லை.

வண்டி 2016 ஆக்டிவா 3ஜி. கார்புரேட்டர் மாடல், 109 சிசி. வாங்கியவுடனே பின்னால் இரண்டு பக்கமும் சைடு வீல் மாட்டி, அதை ஆர்.சி.யிலும் ஏற்றிவிட்டேன். எனக்கு இரண்டு வயதில் போலியோ. வலது காலில் காலிப்பர் என்ற தாங்கு சட்டம், கையில் ஒரு ஊன்றுகோல். ஊரில் எல்லோரும் இதை மூணு சக்கர வண்டி என்பார்கள். உண்மையில் சக்கரம் நான்கு. முன்னால் ஒன்று, பின்னால் நடுவில் கம்பெனிச் சக்கரம், அதற்கு இரு புறமும் நாம் மாட்டியது இரண்டு. எஞ்சின் இழுப்பது நடுச்சக்கரத்தை மட்டும்தான். பக்கத்துச் சக்கரங்கள் எடையைத் தாங்கி உருளும், அவ்வளவே. சட்டம், ஆக்சில், ஷாக் அப்சார்பர், இரண்டு டயர் எல்லாம் சேர்ந்தால், எப்போதும் ஒரு ஆளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டுவது போலத்தான். அந்தக் கணக்கு எஞ்சினை வடிவமைத்தவர்களின் தாளில் இல்லை.

வழக்கமாக விடும் பட்டறையில் காட்டினேன். மெக்கானிக் தம்பி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "எஞ்சின் வீக் ஆயிருச்சுங்ணா. ரீபோர் பண்ணி, பிஸ்டன் மாத்திட்டா புது வண்டி மாதிரி ஆயிரும்" என்றான். ரீபோர் என்றால் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது. அவன் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் புகை இல்லை, ஆயில் குறையவில்லை, காலையில் முதல் செல்ஃபிலேயே ஸ்டார்ட் ஆகிறது. காதால் கேட்டு முடிவு செய்யவும் எனக்கு வழியில்லை. போலியோ தசையைத்தான் எடுக்கும், உணர்ச்சியை எடுக்காது. மற்றவர்களைப் போல எனக்கும் எஞ்சின் அதிர்வு பாதத்தில் தெரியும். ஆனால் சைடு வீல் சட்டத்தின் கடகடப்பு எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. ஏறும்போது எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற ஒரே ஒரு எண் தெரிந்தால் போதும், ரீபோரா வேறா என்று சொல்லிவிடலாம். அதற்காகத்தான் ஆர்பிஎம் மீட்டர்.

"ஏனுங்ணா, கியர் இல்லாத வண்டிக்கு எதுக்குங்ணா இது? ரேஸுக்கா போறீங்க?" என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். கியர் வண்டியில் எப்போது கியர் மாற்றுவது என்று இந்த மீட்டர் சொல்லும். ஸ்கூட்டரில் கியர் மாற்றுவது, எஞ்சினோடு சுற்றும் முன் புல்லியான வேரியேட்டருக்குள் இருக்கும் ஆறு ரோலர்கள். எஞ்சின் சுற்றச் சுற்ற அவை வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, பெல்ட்டை முன் புல்லியில் மேலே ஏற்றுகின்றன. அந்த ரோலர்கள் சரியான சுற்றில் வேலை செய்கின்றனவா, அவசரப்பட்டு டாப் கியருக்குப் போய்விடுகின்றனவா என்பதை வெளியிலிருந்து பார்க்க வேறு வழி கிடையாது. சுமை கூடிய எங்களுடைய வண்டிகளுக்குத்தான் இது ரேஸ் பைக்கைவிட அதிகம் தேவை என்று இப்போதும் சொல்வேன்.

ஆன்லைனில் உள்ளங்கை அளவு வட்ட மீட்டர் ஒன்றை வாங்கினேன். முள் வைத்தது, 13,000 வரை அளவு போட்டது. டிஜிட்டல் விலை குறைவு. ஆனால் ஓடும்போது எண்களைப் படிக்கக் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்க வேண்டும். முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது ஓரக்கண்ணுக்கே தெரியும். மீட்டரிலிருந்து நான்கு வயர் வந்தது. பேட்டரிக்கு ஒன்று, சாவி போட்டால் கரண்ட் வரும் லைனுக்கு ஒன்று, எர்த் ஒன்று, சிக்னல் ஒன்று. என் மீட்டரில் சிவப்பு பேட்டரி, கறுப்பு எர்த். வேறு கம்பெனி மீட்டரில் இந்த நிறங்கள் மாறும். டப்பாவில் இருக்கும் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வேலையை ஞாயிற்றுக்கிழமை காலை ஆரம்பித்தோம். அக்கா பையன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். கீழே படுத்துச் செய்ய வேண்டியதெல்லாம் அவன் பங்கு, சால்டரிங் என் பங்கு. முன் கவரைக் கழற்றி, சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் சேர்த்தேன். சாவி போட்டேன். மீட்டரில் வெளிச்சமே இல்லை. சாவியை எடுத்தேன். மங்கலாக எரிந்தது! பையன் பிரேக் லீவரைப் பிடித்தபோது வெளிச்சம் இன்னும் கூடியது.

"மாமா, சாவி எடுத்தா எரியுது, பிரேக் புடிச்சா பிரைட்டா எரியுது. பேயா?"

பேய் இல்லை. ஹோண்டா வண்டிகளில் எர்த் பச்சை நிற வயர். கறுப்பு, சாவி போட்டதும் 12 வோல்ட் வரும் பாசிட்டிவ் லைன். கார், வீட்டு ரேடியோ என்று பழகிய கை, கறுப்பைப் பார்த்தவுடன் எர்த் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. அதனால் சாவி போட்டபோது மீட்டரின் இரண்டு முனையிலும் 12 வோல்ட். வித்தியாசம் இல்லை, எரியவில்லை. சாவியை எடுத்ததும் அந்தக் கறுப்பு லைனில் தொங்கும் மற்ற பொருட்கள் வழியாகக் கரண்ட் எர்த்துக்கு வழி தேடிக்கொண்டது. பிரேக் பிடித்தபோது பிரேக் லைட் பல்பு இன்னும் நல்ல வழியைத் திறந்துவிட்டது. காரணம் புரிந்ததும் எனக்குச் சந்தோஷம்தான், மீட்டர் கெட்டுப்போகவில்லை. மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு வயரையும் சாவி போட்டும் போடாமலும் அளந்து, பச்சைக்கு எர்த், கறுப்புக்குச் சாவி லைன் என்று மாற்றினேன். பேட்டரி லைனில் ஒரு ஆம்பியர் ஃபியூஸ் போட்டேன். வயரை முறுக்கி டேப் சுற்றியதோடு விடவில்லை. எல்லா இடத்திலும் சால்டர் வைத்து, மேலே ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினேன். சைடு வீல் வண்டியின் அதிர்வுக்கு வெறும் டேப் மூன்று மாதம்கூடத் தாங்காது.

சிக்னல் வயரில்தான் பாதி நாள் போனது. பிளக் வயரில் சிக்னல் வயரைச் சில சுற்று சுற்றினால் போதும், நேரடி இணைப்பு வேண்டாம். ஸ்பார்க் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அதன் துடிப்பை இந்த வயர் வாங்கிக்கொள்ளும். தாளில் நான்கிலிருந்து ஆறு சுற்று என்று இருந்தது. ஆறு சுற்றினேன். ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும்போது, முள் 3000-க்கும் 9000-க்கும் இடையில் குதித்தது. பிளக் வயர் பின்னால், மீட்டர் முன்னால். நடுவில் ஒன்றரை மீட்டருக்கு மேல் சாதாரண வயர், அது பழைய வயர் கட்டோடு ஒட்டியே ஓடியது. வழியெல்லாம் கிடைக்கும் இரைச்சலையெல்லாம் அது வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

செய்தது மூன்று. மைக் செட்டுக்குப் போடும் ஷீல்டு கேபிளை வாங்கி அந்த ஒன்றரை மீட்டரை மாற்றினேன். மேல் வலையை மீட்டர் பக்கம் மட்டும் எர்த் செய்தேன், இரண்டு முனையிலும் செய்யக் கூடாது. கேபிளை வயர் கட்டிலிருந்து விலக்கி எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோனேன். சுற்றை நான்காகக் குறைத்தேன். பிளக் நம்பரில் ஆர் என்ற எழுத்து இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அது ரெசிஸ்டர் உள்ள பிளக். யாராவது சாதாரண பிளக்கை மாற்றி வைத்திருந்தால் இரைச்சல் கூடும். என்னுடையதில் ஆர் இருந்தது. முள் நின்றது.

நின்றது சரி, ஆனால் 3400-ல் நின்றது. இந்த வண்டிக்கு ஐடில் 1700 பக்கம் இருக்க வேண்டும். சரியாக இரண்டு மடங்கு என்றால் மீட்டரின் செட்டிங்தான் தப்பு. நான் ஒரு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் என்று வைத்திருந்தேன். நாலு ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் எரிவது இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை, அதனால் மீட்டர் ஒரு ஸ்பார்க்குக்கு இரண்டு சுற்று என்று கணக்குப் போடுகிறது. ஆனால் ஸ்பார்க்குக்கு நேரம் சொல்லும் பல்சர் காயில் கிராங்க் பக்கம் மேக்னட்டில் இருக்கிறது. அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை சொல்கிறது. ஒரு ஸ்பார்க் வேலை செய்கிறது, அடுத்தது புகை வெளியேறும் நேரத்தில் வீணாக அடிக்கிறது. எஞ்சினுக்கு அதனால் கெடுதி இல்லை, மீட்டருக்குத்தான் குழப்பம். பின்னால் இருக்கும் சுவிட்சை ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பு என்ற நிலைக்கு மாற்றினேன். 1700.

ஒரு மீட்டர் சொல்வதை இன்னொன்றை வைத்துச் சரிபார்க்காமல் நம்பக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அப்பா பஞ்சு மில்லில் ஃபிட்டராக இருந்தவர். பையனுடைய போனில் ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் ஆப் ஒன்று உண்டு. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் தூக்கிவிட முடியாது என்பதால், சைடு வீலுக்கு அடியில் பலகை கொடுத்து, நடுச்சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்பினோம். பின்னால் ஆள் நிற்காமல் பார்த்துக்கொண்டு, முள்ளை 4800-ல் பிடித்தேன். அந்தச் சுற்றில் எஞ்சின் நிமிடத்துக்கு 2400 தடவை வெடிக்கும், அதாவது நொடிக்கு 40. சைலன்சர் பக்கத்தில் வைத்த போன் 40 ஹெர்ட்ஸில் ஒரு மேட்டைக் காட்டியது. பையன் கைதட்டினான். இனி இந்த முள் சொல்வதை வைத்து யாரிடமும் பேசலாம்.

மீட்டரை எங்கே மாட்டுவது என்பதற்கு நிறைய யோசித்தேன். ஸ்கூட்டரில் ஹேண்டில் பார் முழுவதும் கவருக்குள் இருக்கிறது, கிளாம்ப் போட இடம் இல்லை. இடது கண்ணாடித் தண்டின் அடியில் நட்டோடு சேர்த்து ஒரு எல் பட்டையைப் பிடித்து, அதில் மீட்டரை வைத்தேன். வலது பக்கம் வேண்டாம் என்றதற்குக் காரணம் ஊன்றுகோல். அதை வலது பக்கமாகச் செருகித்தான் ஏறி உட்காருவேன், எடுக்கும்போது மீட்டரில் தட்டும். பட்டையைக் கோவை கணபதி பகுதியில் ஒரு லேத் பட்டறையில் மூன்று மில்லிமீட்டர் தகட்டில் வளைத்துக் கொடுத்தார்கள். வயரைக் கட்டுவதற்கு முன்னால் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்தோம். இடது பக்கம் முழுவதும் திருப்பியபோது கேபிள் விறைத்தது. ஸ்டியரிங் கழுத்துக்குப் பக்கத்தில் ஒரு வளையம் விட்டு நீளத்தைக் கூட்டினோம். பின்பக்கம் சைடு வீல் சட்டத்தின் முனையில் கேபிள் உரசும் இடத்தில் பழைய டியூபை வெட்டிச் சுற்றினோம்.

மாலை நான்கு மணிக்கு ஓட்டினேன். சம தரையில் நின்ற இடத்திலிருந்து மெதுவாக முறுக்கியபோது 2900-ல் கிளச் பிடித்தது. முழுதாக முறுக்கியபோது முள் 5100 வரை ஏறியது, பிறகு அங்கேயே நின்றுகொண்டு வேகம் மட்டும் கூடியது. மறுநாள் மருதமலை. முதல் வளைவைத் தாண்டும்போது, முழு ஆக்சிலேட்டரில், முள் 4300-ல் படுத்துக்கிடந்தது.

இந்த எஞ்சின் தன் முழு சக்தியைக் கொடுப்பது 7500 சுற்றில், இழுவிசை உச்சம் 5500-ல். என் வண்டி மலையை 4300-ல் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. கியர் வண்டியில் மேட்டில் மூன்றாவது கியர் போட வேண்டிய இடத்தில் நான்காவதை வைத்துக்கொண்டு முக்குவது போல. எஞ்சின் வீக் என்று சொல்வதற்கு முன்னால், அதைச் சுற்ற விடுகிறோமா என்று பார்க்க வேண்டும். இந்த எண்ணைச் சொன்னதும் தம்பி ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப வேரியேட்டரைத்தான் தொறக்கணுங்ணா" என்றான். அவனை நான் குறை சொல்லவில்லை. அவனிடம் எண் இல்லாதபோது அவனும் என்னைப் போலத்தான்.

இடது பக்கக் கவரைத் திறந்தோம். வேரியேட்டர் நட்டைக் கழற்றும்போது ஃபேன் இறக்கைகளுக்கு நடுவில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்துப் பிடிப்பார்கள், இறக்கை உடைந்துபோகும். அதற்கென்று பிடிப்பான் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே ஆறு ரோலரும் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிவிட்டிருந்தன. ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்து உருட்டினேன். அரைச் சுற்று உருண்டு, தட்டையான பக்கத்தில் டக்கென்று உட்கார்ந்தது. பெல்ட்டின் அகலமும் குறைந்திருந்தது, உள்பக்கப் பற்களின் அடியில் மெல்லிய வெடிப்புகள். பின் புல்லியின் பெரிய ஸ்பிரிங்கும் புதியதோடு வைத்துப் பார்த்தால் குட்டையாகிவிட்டிருந்தது. அது அமுக்கும் பலம் குறைந்தால் பெல்ட் சீக்கிரமே டாப் கியருக்குப் போய்விடும். முள் தாழ்ந்து கிடந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பெல்ட், ஸ்பிரிங், ரோலர் மூன்றையும் காந்திபுரத்தில் வாங்கினேன். ரோலர் மட்டும் கம்பெனி எடையைவிட ஒவ்வொன்றும் ஒரு கிராம் குறைவானது. எடை குறைந்த ரோலர் வெளியே தள்ளப்படுவதற்கு அதிக சுற்று தேவை. அதனால் எஞ்சின் இன்னும் கொஞ்சம் நேரம் லோ கியரிலேயே நின்று இழுக்கும். இரண்டு கிராம் குறைக்கலாமே என்று கடைக்காரர் சொன்னார். நான் ஒன்றோடு நிறுத்தினேன். அளவு மீறினால் சம தரையிலும் எஞ்சின் கத்திக்கொண்டே போகும், பெட்ரோலும் கூடும். நகைக்கடைத் தராசு போன்ற சின்ன டிஜிட்டல் தராசில் ஆறையும் தனித்தனியாக நிறுத்துப் பார்த்தோம், வித்தியாசம் இல்லை.

மாட்டும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பெல்ட்டைப் பின் புல்லியில் நன்றாக உள்ளே அழுத்திவிட்டு, முன்பக்கம் தொய்வாக இருக்கும்படி வைத்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் முன் தகடு பெல்ட்டின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். நட்டு இறுகிவிட்டது போலவே கைக்குத் தெரியும். பெல்ட் நழுவி இடத்தில் உட்கார்ந்ததும் நட்டு லூஸ், ஓடும்போது கழன்று உள்ளே எல்லாம் சேதம். இறுக்கிய பிறகு புல்லியைக் கையால் நான்கைந்து சுற்று சுற்றிப் பார்த்து, மறுபடி ஒருமுறை நட்டில் ஸ்பானர் வைத்தோம். பெல்ட்டில் ஆயில் விரல்கூடப் படவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி மருதமலை. அதே வளைவு, அதே முழு ஆக்சிலேட்டர். முள் 5800. வேகம் 31. ரீபோர் செலவு மிச்சம். டாப் ஸ்பீடு கொஞ்சம் குறைந்திருக்கும், சைடு வீலில் நான் ஐம்பதைத் தொடுவதே இல்லை. மைலேஜில் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் போனது. அதைப் பற்றிப் புகார் இல்லை.

மீட்டர் நான் எதிர்பார்க்காத இன்னொன்றையும் காட்டிக் கொடுத்தது. எங்கள் தெருமுனை மளிகைக் கடை வாசலில் ஒரு பள்ளம். அதில் நடுச்சக்கரம் இறங்கினால், இரண்டு பக்கச் சக்கரங்களும் மேட்டில் நின்று வண்டியைத் தாங்கிக்கொள்ளும். நடுச்சக்கரம் பிடி இல்லாமல் அந்தரத்தில் சுற்றும். யாராவது வந்து தள்ளிவிட வேண்டும். சைடு வீல் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். இதை நான் முழுப் பள்ளத்தில் மட்டும் நடப்பது என்று நினைத்திருந்தேன். இப்போது சாதாரண ஸ்பீடு பிரேக்கரைச் சாய்வாகக் கடக்கும்போதெல்லாம் முள் ஒரு நொடி 1500 சுற்று மேலே துள்ளுகிறது. நடுச்சக்கரம் அங்கெல்லாம் பிடியை விட்டுவிட்டுப் பிடிக்கிறது. மழையில் அதுதான் வண்டியை இழுத்துவிடும். சைடு வீல் ஷாக் அப்சார்பர் இரண்டையும் இரண்டு மரை தளர்த்தி, நடுச்சக்கரத்தில் எடை கூடுதலாக விழும்படி செய்தேன். துள்ளல் முக்கால்வாசி நின்றுவிட்டது. அதற்கு மேல் தளர்த்தினால் வளைவில் சாயும்.

இரவில் மீட்டரின் நீல வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கண்ணாடிக்கு ஒட்டும் கறுப்பு ஃபிலிம் துண்டு ஒன்றை உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

போன வாரம், கலெக்டர் ஆபீஸில் பழக்கமான நண்பர் ஒருவர் வந்திருந்தார். அரசு கொடுத்த சைடு வீல் ஸ்கூட்டர், அதிலேயே பெட்டி வைத்து முறுக்கும் கடலை மிட்டாயும் விற்கிறார். மேட்டில் ஏற மாட்டேன் என்கிறது, பட்டறையில் எஞ்சின் வேலை என்றுவிட்டார்கள் என்றார். என் மீட்டரைக் கழற்றி, முதலை வாய் கிளிப் வைத்து அவருடைய பேட்டரியில் மாட்டி, சிக்னல் வயரைப் பிளக் வயரில் நான்கு சுற்று சுற்றினோம். பையன் மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார, பெட்டி நிறையச் சரக்கோடு, பக்கத்து ரயில்வே மேம்பாலத்தில் ஏற்றினார். இறங்கி வந்து, "நாலாயிரத்து நானூறு மாமா" என்றான். வர ஞாயிறு அவர் வண்டியின் இடது கவரைத் திறக்கிறோம்.